கிணற்றுப் பங்கும் நியாயமும்: ஒரு வாசகருக்கு மறுமொழி

யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய குடும்பத்துக்கு ஆறு பரப்புத் தோட்டக் காணியும் அதற்குரிய பொதுக் கிணற்றில் மூன்றிலொரு பங்கும் உண்டு. மற்ற இரு பங்குகளில் ஒன்று பெரியப்பாவின் மகனுக்கும், இன்னொன்று ரொறன்ரோவில் வாழும் மாமிக்கும் உரியவை. ஐயாவின் காலத்தில் பங்குக்கு இரண்டு நாள் வீதம் முறைவைத்து இறைத்து, ஞாயிற்றுக்கிழமையைக் கிணறு ஊறுவதற்கு விட்டிருக்கிறார்கள். ஐயா காலமான பின், கிணற்றடியில் வீடு கட்டியிருக்கும் பெரியப்பாவின் மகன் தம் செலவில் கிணற்றைத் துப்புரவாக்கி, மின்மோட்டரும் பூட்டிவிட்டு, "உங்களுக்குக் கிழமைக்கு ஒரு நாள், மோட்டரோடு தருகிறேன். மற்ற நாள் எல்லாம் எனக்கு. சம்மதமில்லை என்றால் மோட்டரில் கைவைக்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா மறுத்துவிட்டார். மண்ணெண்ணெய் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து இறைத்ததில் கட்டுப்படியாகாமல், இந்தப் போகத்தில் மூன்று பரப்பில் மட்டுமே வெங்காயம் நட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் தம்பி, "செலவு தாங்காத இரண்டு நாளைவிட மலிவான ஒரு நாள் மேல், ஆட்டக் கோட்பாட்டின்படி அம்மா செய்தது அறிவுக்குப் பொருந்தாது" என்கிறார். அம்மாவோ, "இன்றைக்கு ஒரு நாளுக்குத் தலையாட்டினால் வருகிற வருஷம் அந்த ஒரு நாளும் இராது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, நியாய உணர்வு மனிதருக்கு எங்கிருந்து வந்தது, இனி என்ன செய்வது என்பன வாசகரின் கேள்விகள்.

அன்புடையீர்,

நியாயம் உங்கள் அம்மாவின் பக்கம் இருக்கிறது என்பதையும், ஆட்டக் கோட்பாடும் (மற்றவர் என்ன செய்வார் என்பதைக் கணக்கிட்டு ஒவ்வொருவரும் எடுக்கும் முடிவுகளை ஆராயும் கணிதமும்) அவருக்கே துணைநிற்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி பிழையாகப் படிக்கவில்லை. ஆனால் அவர் படித்த ஆட்டம், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே ஒரு தடவை ஆடிவிட்டுப் பிரிந்துபோகும் ஆட்டம். உங்கள் கிணற்றடியில் நடப்பது அதுவன்று. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையிலும் காணிப் பிணக்குகளில் மத்தியஸ்தராக இருந்தவன் என்ற முறையிலும் இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

1982ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரில் வேர்னர் கூத் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் அமைப்பு மிக எளிமையானது. ஒருவரிடம் ஒரு தொகை கொடுக்கப்படும். 1000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கை மற்றவருக்குத் தருவதாக அவர் முன்வைக்க வேண்டும். மற்றவர் ஏற்றால் இருவரும் அவ்வாறே பிரித்துக்கொள்வார்கள். மறுத்தால் இருவருக்கும் ஒரு சதமும் இல்லை. பேரம் பேசுவதற்கு இடமில்லை. தன் கைக்கு வரும் காசை மட்டுமே எண்ணுகிறவர் 10 ரூபாவையும் மறுக்கக் கூடாது. அதை முன்கூட்டியே அறிந்த முதலாமவர் அதற்குமேல் தரவும் மாட்டார். தம்பியின் பாடநூல் சொல்வது இதுதான். ஆனால் உண்மையில் மனிதர்கள் அப்படி ஆடவில்லை. முன்வைத்தவர்களில் பலர் பாதியையோ பாதிக்குக் கிட்டிய பங்கையோ கொடுத்தார்கள். மிகச் சிறிய பங்கு கிடைத்தவர்களோ, தமக்கும் நட்டம் என்று தெரிந்தே மறுத்தார்கள். பின்னர் பல நாடுகளில் இதே பரிசோதனை நடத்தப்பட்டபோது, சராசரியாக நூற்றுக்கு 40 முதல் 50 வரை கொடுக்கப்படுவதும், 20க்குக் குறைந்தால் ஏறக்குறைய பாதிப்பேர் மறுப்பதும் திரும்பத் திரும்பக் காணப்பட்டன.

தொகை சிறியது என்பதால்தான் மறுத்தார்கள் என்று தம்பி சொல்லக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே லிசா கமெரொன் என்ற ஆய்வாளர், இந்தோனேசியாவில், பங்குபற்றியவர்களின் ஏறக்குறைய மூன்று மாதச் செலவுக்குச் சமமான தொகையை வைத்து இந்த ஆட்டத்தை நடத்தி, 1999இல் முடிவுகளை வெளியிட்டார். அவ்வளவு பெரிய தொகையிலும் முன்வைக்கப்பட்ட பங்குகள் ஒன்றுமில்லாத அளவுக்கு இறங்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். முதலாமவர் பாதியைத் தருவது நல்ல மனத்தாலா, மறுக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்தாலா? மறுக்கும் உரிமையை இரண்டாமவரிடமிருந்து எடுத்துவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொள்ள மட்டும் வைத்தால் விடை தெரிந்துவிடும். அப்படியும் செய்துபார்த்தார்கள். கொடுக்கப்பட்ட பங்கு சராசரியாக நூற்றுக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கியது. ஒன்றுமே கொடாதவர்களும் கணிசமாக இருந்தார்கள். ஆகவே மனிதரிடம் நல்ல மனம் ஓரளவு உண்டு. ஆனால் பாதிக்கும் கால்வாசிக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம், மற்றவர் மறுக்கக்கூடியவர் என்பதனால் மட்டுமே கிடைக்கிறது. உங்கள் அம்மா மறுத்தது அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதற்கே.

மறுப்பதால் நட்டப்படும் ஒரு பழக்கம், தலைமுறை தலைமுறையாக அழியாமல் எப்படி நிலைத்தது என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வியின் நடுமையம். 2000ஆம் ஆண்டில் மார்ட்டின் நோவாக், கரென் பேஜ், கார்ல் சிக்மண்ட் ஆகிய மூவரும் இதைக் கணித மாதிரியாக ஆராய்ந்தார்கள். ஒருவர் முன்னர் எதை ஏற்றார் என்பது அடுத்தவருக்குத் தெரியாத கூட்டத்தில், மறுப்பவர்கள் நட்டப்பட்டுக் குறைந்துபோக, பங்குகளும் சிறுத்துப்போகின்றன. ஆனால் "இவர் குறைந்த பங்குக்கும் சம்மதிப்பவர்" என்ற செய்தி பரவக்கூடிய கூட்டத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஒருமுறை தலையாட்டியவருக்கு அதன்பின் எல்லோரும் குறைவாகவே தருகிறார்கள், மறுத்தவருக்கு நல்ல பங்கு வந்துசேர்கிறது, நியாயமான பிரிப்பு படிப்படியாக மேலோங்குகிறது. "வருகிற வருஷம் அந்த ஒரு நாளும் இராது" என்று அம்மா சொன்னது இதையேதான். ஒரு வேலியில் நடந்தது அடுத்த நாள் சந்தைக்குள் தெரியவரும் ஊரில், ஒவ்வொரு பேச்சும் அடுத்த பேச்சின் தொடக்கப் புள்ளியாகிவிடுகிறது. றொபேர்ட் அக்சல்றொட் 1984இல் நூலாக வெளியிட்ட ஆய்வுகளும், திரும்பத் திரும்பச் சந்திப்பவர்களிடையே ஒத்துழைப்பு வளரும் என்பதையே காட்டின; எதிர்காலம் நீளமாக இருக்கும்போது இன்றைய சிறு நட்டம் ஒரு முதலீடாக மாறுகிறது.

என்றாலும், எது நியாயம் என்பதில் உலகெங்கும் ஒரே அளவுகோல் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஜோசப் ஹென்ரிச்சும் சகாக்களும் சிறிய அளவில் வாழும் 15 சமூகங்களில் இதே ஆட்டத்தை நடத்தி, 2001இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரு நாட்டின் அமேசன் காட்டில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நூற்றுக்கு 26 மட்டுமே கொடுத்தார்கள். ஏறக்குறைய எவரும் அதை மறுக்கவுமில்லை. இந்தோனேசியாவின் லமலேரா ஊரில் படகுக்குழுவாகச் சென்று திமிங்கிலம் வேட்டையாடி, இறைச்சியை வழக்கப்படி பங்கிடும் மக்கள் பாதிக்கும் மேலாகவே கொடுத்தார்கள். பப்புவா நியூகினியின் அவ், க்னாவ் மக்களிடையே பாதிக்கு மேல் கொடுத்ததும்கூட மறுக்கப்பட்டது. அங்கே பெரிய அன்பளிப்பை ஏற்பவர் கொடுத்தவருக்குக் கடமைப்பட்டவராகிறார். கலியாணவீட்டில் வந்த அன்பளிப்பைப் பெயரோடு கொப்பியில் குறித்துவைக்கும் எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆட்டத்தின் விதி எங்கும் ஒன்றே. ஆடுபவர்கள் தங்கள் அன்றாடத் தொழிலில் பிறரோடு எவ்வளவு சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறதோ, சந்தையில் எவ்வளவு கொடுக்கல்வாங்கல் செய்கிறார்களோ, அவற்றுக்கு ஏற்பவே பங்கு மாறியது.

இனிச் சொல்லப்போவதைக் கிணற்றைப்பற்றிப் பேசும் யாழ்ப்பாணத்தவர் எவரும் சொல்லாமல் விடக் கூடாது. மீண்டும் மீண்டும் சந்திப்பதும் வழக்கம் உருவாவதும் நியாயத்தை மட்டும் விளைவிப்பதில்லை. அநியாயத்தையும் அதே உறுதியோடு நிலைநிறுத்தக்கூடும். றொபேர்ட் அக்ஸ்டெல், ஜோஷுவா எப்ஸ்டைன், பெய்டன் யங் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கணினி மாதிரியில், கற்பனை மனிதர்கள் 30, 50, 70 என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டுப் பேரம்பேசுகிறார்கள். இருவரும் கேட்டவை சேர்ந்து 100ஐ மீறினால் இருவருக்கும் ஒன்றுமில்லை. முன்னைய பேரங்களை நினைவில் வைத்தே ஒவ்வொருவரும் அடுத்ததைக் கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கும்போது, காலப்போக்கில் பெரும்பாலும் 50க்கு 50 என்ற வழக்கம் நிலைபெறுகிறது. ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு ஒரு நிறத்தையும் மீதிப்பேருக்கு வேறொரு நிறத்தையும் பூசிவிட்டால், அந்த நிறத்துக்கு எந்தத் தகுதியும் எந்தக் குறையும் இல்லாதபோதிலும், ஒரு நிறத்தார் 70 கேட்பதும் மற்றவர் 30க்கு அடங்குவதும் வழக்கமாகி, மிக நீண்டகாலம் நீடித்துவிடுகின்றன. தனியொருவர் அடங்க மறுத்தால் நட்டம் அவருக்கே.

எங்கள் கிணற்றுக் கட்டுகளில் நடந்தது இதுவே. ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பொதுக் கிணற்றில் தாமே அள்ளக் கூடாது என்றும், மற்றவர் வந்து வார்க்கும்வரை பாத்திரத்தோடு காத்துநிற்க வேண்டும் என்றும் இருந்த வழக்கத்துக்கு, "முன்னோர் காலந்தொட்டு இப்படித்தான்" என்பதைத் தவிர எந்த ஆதாரமும் இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனாலும் 1966இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலய நுழைவுக்காக நடந்த போராட்டமும் போன்றவை வேண்டியிருந்தன. தனியொருவர் மறுத்தால் தாங்கமுடியாத நட்டத்தை, பலர் சேர்ந்து மறுத்தபோதே பகிர்ந்து சுமக்க முடிந்தது. நியாயம் தானாகவே முளைத்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். அது முளைப்பதற்கு, மறுக்கக்கூடிய நிலையில் இரு பக்கத்தாரும் இருக்க வேண்டும்.

உங்கள் நிலைமையில் அம்மாவால் மறுக்க முடிந்தது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். காணி உறுதிப் பத்திரத்தில் மூன்றிலொரு பங்கு கிணறும் வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கிறது. பேச்சு முறிந்தாலும் இரண்டு நாள் அவருடையதே. கணிதவியலாளர் ஜோன் நாஷ் 1950இல் பேரத்தைக் கணிதமாக எழுதியபோது, பேச்சு முறிந்தால் ஒவ்வொருவர் கையிலும் என்ன மிஞ்சும் என்பதையே தொடக்கமாக வைத்தார். அதற்குமேல் சேர்ந்து உழைப்பதால் வரும் ஆதாயம் மட்டுமே பங்கிடப்படுவது. பெரியப்பாவின் மகன் செய்திருப்பது, தமக்குரிய மோட்டரைக் காட்டி உங்களுக்குரிய நாளையும் பங்கிடும் பொருளுக்குள் சேர்த்துவிட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் அவருடைய பக்கத்துக்கே பலம் சேர்த்தது. அதற்காக உங்கள் பங்கு குறைந்துவிடவில்லை. அதேவேளை அவர் கிணறு துப்புரவாக்கியதும் மோட்டர் வாங்கியதும் உண்மையான செலவுகள். அவற்றை நீங்கள் இனாமாக அனுபவிக்க நினைப்பதும் நியாயமாகாது.

ஆகவே நாள் வேறு, மோட்டர் வேறு என்று பிரித்துப் பேசுங்கள். உங்கள் கடிதத்திலுள்ள கணக்கின்படி ஒரு தடவை இறைக்க எண்ணெயும் வாடகையுமாக 1500 ரூபா முடிகிறது. அதே தண்ணீருக்கு மின்சாரச் செலவு 400 ரூபா. மோட்டரை உங்களுக்குத் தருவதால் விளையும் ஆதாயம் 1100 ரூபா. அதைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 550. அதாவது, உங்கள் இரண்டு நாளும் உங்களுக்கே இருக்க, ஒவ்வொரு தடவையும் 950 ரூபாவை அவரிடம் கொடுத்து மோட்டரைப் பாவிக்கலாம். மின்சாரக் கட்டணம் போக அவருக்கு 550 ரூபா மிஞ்சும். மோட்டரின் தேய்மானமும் அதற்குள் அடங்கும். துப்புரவாக்கிய செலவில் மூன்றிலொரு பங்கைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். நான் மத்தியஸ்தராக அமர்ந்த பிணக்குகளில், ஒரு பக்கத்தார் தாம் கொடுக்கவேண்டியதைத் தாமே கணக்கிட்டு முன்வைக்கும்போது மற்றப் பக்கத்தாரின் குரல் தாழ்வதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

மறுப்புக்கும் பழிவாங்கலுக்கும் இடையிலுள்ள எல்லையை அம்மா தாண்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஏர்ன்ஸ்ட் பேரும் சைமன் கெக்ரரும் 2000இல் வெளியிட்ட பரிசோதனையில், பொதுப் பணத்துக்குப் பங்களிக்காதவரைத் தம் கைக்காசைச் செலவழித்துத் தண்டிக்க இடம் கொடுத்தபோது, எல்லோருடைய பங்களிப்பும் உயர்ந்தது. தண்டனை இல்லாதபோது நாளடைவில் வீழ்ந்தது. ஆனால் 2008இல் 16 நகரங்களின் முடிவுகள் ஒப்பிடப்பட்டபோது, சில இடங்களில், முக்கியமாக ஏதென்ஸிலும் மஸ்கற்றிலும், தண்டிக்கப்பட்டவர்கள் திருந்துவதற்குப் பதிலாக ஒழுங்காகப் பங்களித்தவர்களையே திருப்பித் தண்டித்தார்கள். அங்கே ஒத்துழைப்பு வளரவேயில்லை. வாய்க்காலை மறிப்பது, மோட்டர் வயரைக் கழற்றுவது, நல்லது கெட்டதுக்குப் போகாமல் விடுவது எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் பெரியம்மாவுடன் அம்மா பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எக்காரணத்துக்காகவும் நிறுத்தவிட வேண்டாம்.

அடுத்தது முறை. பொதுச் சொத்தை மக்களே ஒழுங்குபடுத்துவது பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், 1990இல் வெளியிட்ட நூலில் துருக்கியின் அலன்யா ஊர் மீனவர்களை எடுத்துக்காட்டுகிறார். நல்ல இடத்துக்காக அடிபட்டுக்கொண்டிருந்த அவர்கள், வலை விரிக்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் பெயரிட்டு, ஒன்றையொன்று மறிக்காத தூரத்தில் வகுத்து, ஒவ்வொரு செப்டெம்பரிலும் சீட்டுக் குலுக்கி இடம் எடுக்கிறார்கள். அன்றிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓரிடமாகக் கிழக்கே நகர்கிறார்கள். பிறகு மே மாதம் வரை மேற்கே. நல்ல இடம் எல்லோருக்கும் வருகிறது. தன் நாளில் தன் இடத்துக்குப் போகிறவரே அங்கு வேறொருவர் நிற்பதைக் கண்டுவிடுவதால் தனியாகக் காவலும் வேண்டியதில்லை. எங்கள் கரைவலைப் பாடுகளை (வலை இழுக்கும் இடங்களை) அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

உங்கள் கிணற்றில் திங்களும் செவ்வாயும் பெரியப்பாவின் மகனுக்கு, வெள்ளியும் சனியும் உங்களுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நாளின் எண்ணிக்கை சமம். ஆனால் ஞாயிறு முழுவதும் ஊறிய கிணற்றை அவர் இறைக்கிறார், நான்கு நாள் இறைத்து வற்றிய கிணற்றுக்கு நீங்கள் போகிறீர்கள். இது ஐயாவின் காலத்திலேயே இருந்த குறை. மாதத்துக்கு ஒருமுறை நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு, மூன்று அங்குலக் குழாயில் ஒரு மணித்தியாலம் இறைப்பதும் இரண்டு அங்குலக் குழாயில் ஒரு மணித்தியாலம் இறைப்பதும் ஒன்றல்ல என்பதால், எவர் இறைத்தாலும் ஒரே மோட்டரும் ஒரே குழாயும் என்று வைத்துக்கொண்டால் நேரத்தை அளவாகக் கொள்ளலாம். எங்கள் குடாநாட்டில் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி உப்புநீரின்மேல் நிற்கிறது. ஓய்வில்லாமல் இறைத்தால் உவர் ஏறும். எனவே ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முறை தவறியவருக்கு முதல் தடவை சொல்லிக்காட்டுவதோடு விடுவதும், மீண்டும் தவறினால் மற்றவருக்கு ஒரு நாள் ஈடுகொடுப்பதும் போதும். சிறிதாகத் தொடங்கும் தண்டனைகளே நீண்டகாலம் நிலைத்த ஊர்களில் காணப்படுவதாக ஒஸ்ட்ரோமும் எழுதியிருக்கிறார்.

இவற்றை எழுதி, பங்காளிகள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோரும் வாதம் பங்காளிகளுக்கிடையில் இலகுவில் ஏற்கப்படுவதில்லை என்றாலும், ஒரு நாள் மட்டுமே இறைத்ததாக வருடக்கணக்கில் வழக்கம் வந்துவிட்டால் பின்னர் விளக்கம் சொல்லவேண்டியவர் நீங்களாகவே இருப்பீர்கள். பேச்சு சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இயங்கும் அச்சபை தீர்ப்பு எதையும் திணிப்பதில்லை, இருவரும் சம்மதித்தால் மட்டுமே உடன்பாடு.

மாமியின் இரண்டு நாள்தான் இந்தப் பிணக்கின் உண்மையான முடிச்சு என்பது என் கருத்து. அதைப் பெரியப்பாவின் மகன் தமது போலவே பாவிக்கிறார், உங்களிடமும் எவரும் கேட்கவில்லை. மாமி விற்க நினைத்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் முற்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் வாங்கும் உரிமை, உங்கள் இரு குடும்பத்துக்கும் சமமாகவே உண்டு. அதுபற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்க நினையாவிட்டால், அந்த இரண்டு நாளையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்து, அதற்கான குத்தகையை மாமிக்கே அனுப்பலாம். இதற்கு அவருடைய கையெழுத்தில் சம்மதம் வேண்டும். மாரி மழையில் கிணறு நிரம்பி, ஒருவருக்கும் தண்ணீர் அவசரமில்லாத மார்கழியில் எல்லோரும் இருந்து பேசுவதே நல்லது. தை பிறந்து இறைப்புத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தியின் உயிராகிவிடும். ஆகவே மாமிக்கு இந்தக் கிழமையே எழுதுங்கள். அவருக்குப் போகும் கடிதத்தைப் பெரியப்பாவின் மகனுக்கும் காட்டிவிட்டே அனுப்புங்கள்.